பலராமன் இப்போது என்ன கேட்கிறார்?

"சாந்தி, அந்தம்மா வந்தா நீ வாயே திறக்காத. துறைமுகம், மீன் ஏலம்னு ஏதாச்சும் உளறி வெச்ச, என் பாரிஸ் போச்சு."

"நான் ஏன் திறக்கப் போறேன்? தெனம் உன் சட்டைய நாத்தம் போவ ஊற வெக்கிறவ நானு. எனக்கே இல்லாத வெக்கம் உனக்கு எதுக்குய்யா?"

கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தே தலை நரைத்தவர் பலராமன். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு யோகம். பாரிஸ் இசை விழாவுக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரே ஒரு கலைஞரை அழைத்துப் போகிறார்கள். அது விஷயமாக விழாக்காரர்கள் அனுப்பிய சிந்துஜா என்ற பெண் சாரம் பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்கே வருகிறாள். சமீபத்தில் என்ன கேட்டீர்கள், என்ன படித்தீர்கள் என்று பேசத்தான் வருகிறாளாம்.

உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். தினமும் விடியற்காலையில் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, ஏலம் கூறும் பெண்களின் குரலை நோட்டில் ஸ்வரமாக எழுதுவார். அவர் கேட்கும் இசை அதுதான். படிப்பு? சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதையும் ராகம் போட்டுத்தான் படிப்பார். இதையெல்லாம் பாரிஸ்காரர்களிடம் சொல்ல முடியுமா?

மூன்று நாளாக போனைத் தோண்டி, வாயில் நுழையாத பெயர்களை நெட்டுரு போட்டார். ஞாயிறு சந்தையில் எடைக்கு வாங்கிய பிரெஞ்சுப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கினார்.

சிந்துஜா வந்து உட்கார்ந்தாள். "சமீபமா என்ன கேக்கறீங்க சார்?"

"ஐஸ்லாந்துல ஒருத்தரு, பனி உருகுற சத்தத்த மட்டும் நாப்பது நிமிஷம் பதிவு பண்ணியிருக்காரு. அத கேக்காம எனக்குக் காபி எறங்காது."

"படிக்கறது?"

"பிரெஞ்சுத் தத்துவம்தான். தோ, இத மூணு தடவ முடிச்சிட்டேன்."

அவள் வாங்கிப் புரட்டினாள். புரளவில்லை. ஒட்டியிருக்கும் பக்கங்களின் ஓரத்து மடிப்பை வெட்டி வெட்டிப் படிக்க வேண்டிய அந்தக் காலத்துப் புத்தகம். ஒரு மடிப்புகூட வெட்டப்படவில்லை.

"பக்கமெல்லாம் மூடியே இருக்கே சார்?"

"அட்டைக்கு அடுத்த பக்கத்துலயே எல்லாத்தையும் சொல்லிட்டாரும்மா" என்றார் பலராமன், அசராமல்.

காபி கொண்டுவந்த சாந்தி, டம்ளரை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"நம்ம ஊர்ச் சத்தம் எதுனா கேப்பீங்களா? கடைத்தெரு, துறைமுகம், அந்த மாதிரி?"

பலராமன் உஷாரானார். எவனோ போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"சேச்சே, மீன் வாடையே எனக்கு ஆவாதும்மா. துறைமுகம் எந்தத் திசையில இருக்குன்னுகூட தெரியாது. அங்க கத்துறதெல்லாம் ஒரு இசையா?"

சிந்துஜா நோட்டை மூடினாள். முகம் தொங்கிப்போயிருந்தது. இவ்வளவு பெரிய மேதையா என்று மலைத்துவிட்டாள் போல, பாவம்.

"மன்னிச்சுக்கோங்க சார், உங்க நேரத்த வீணாக்கிட்டேன். போன மாசம் எங்க விழா டைரக்டர் துறைமுகத்துக்கு வந்திருந்தாங்க. ஏலக் குரலக் கேட்டு ஸ்வரம் எழுதிக்கிட்டிருந்த ஒருத்தரப் பாத்து அசந்துட்டாங்க. போனா அவரோடதான் பாரிஸ் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. மீன்காரம்மாங்கதான் சாரம் பலராமன்னு பேர் சொன்னாங்க" என்றவள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"சாரத்துல வேற யாராச்சும் பலராமன் இருக்காங்களா சார்?"