கரடி விடாதீங்க

கொச்சி மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்து நெடியோடு பக்கத்துக் கிடங்குச் சுக்கு வாசனையும் கலந்து வீசுகிறது. ஷிஹாபின் கால் தன்பாட்டுக்கு ஆடுகிறது. மகள் ஹஸீபாவுக்கு டான்சில் ஆபரேஷன், இன்னும் கூப்பிடவில்லை. அவளுக்குத்தான் பயம் என்று சொல்லிக்கொண்டு இவன் அளக்கிறான். "எது என்ன கரடின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? துரத்துனா கருங்கரடி. நின்ன இடத்துலயே வேர்த்து ஊத்துனா பனிக்கரடி, கொச்சிச் சூடுல்ல. படுத்துட்டே தின்னா பாண்டா, உன் மாமா மாதிரி." தன் அண்ணனைச் சொன்னதும் மனைவி ஷரீஃபா முறைக்கிறாள். "பிள்ளைகிட்ட கரடி விடாதீங்க." மலையாளத்தில் படிக்கும் ஹஸீபாவுக்கு அந்தத் தமிழ் வழக்கு பிடிபடவில்லை. "சும்மா காலாட்டிட்டே இருந்தா?" என்கிறாள். "அது வாப்பாக் கரடி." கதவு திறக்கிறது. "மோளே, வா," என்று நர்ஸ் கை நீட்டுகிறாள். ஹஸீபா அவன் கட்டைவிரலை இறுக்கிக்கொள்கிறாள். "கரடியை விடக்கூடாதுன்னு உம்மா சொல்லிச்சுல்ல?" ஆடிய கால் நிற்கிறது. கதவு வரைக்கும் கரடி கூடவே நடக்கிறது.