கடைசி நாலு எழுத்து

"கடைசி நாலு எழுத்தைத் துரை கண்ணால பார்த்துட்டார். முதல் எழுத்துதான் தெரியலை. அது யார் தோணி? மரியாதையா சொல்லிடுங்க."

துபாஷி சம்பந்தம் இதைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார சார்ஜண்டைப் பார்த்தார். சார்ஜண்ட், மணலில் ஏற்றிவிட்டிருந்த ஏழு தோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பசியாவரத்து ஜனங்கள் கரையில் கூடி நின்றார்கள்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை இங்கிலீஷ்காரர் கைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. வந்ததும், ஏரியில் ஓடும் தோணி ஒவ்வொன்றிலும் ஓர் இங்கிலீஷ் வார்த்தை எழுதிய பலகையை அடித்தார்கள். சார்ஜண்டின் யோசனை அது. பசியாவரத்துத் தோணிகள் லைட், நைட், ரைட், ஃபைட் என்று போகும். எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான்: ஐ, ஜி, எச், டி. பக்கத்து ஊரான தோணிரேவுக்குப் புக், குக், ஹுக். வாலைப் பார்த்தால் ஊர் தெரியும். தலையைப் பார்த்தால் தோணி தெரியும்.

பொழுது சாய்ந்தபின் கோட்டையைத் தாண்டி எந்தத் தோணியும் போகக் கூடாது என்பது உத்தரவு. மூன்று நாளைக்கு முன் ஒன்று போனது. நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். பலகையின் முதல் எழுத்தின் மேல் ஈர வலை தொங்கியது. வால் மட்டும் தெரிந்தது.

"ஏன் போனீங்க, எதுக்குப் போனீங்க, அதெல்லாம் துரைக்கு வேணாம்," என்றார் சம்பந்தம். "போன மாசம் காய்ச்சல்காரனை ஏத்திக்கிட்டுப் போனவன் தோணியையே பிடிச்சுப் போட்டார். இந்தத் தோணியும் தை முடியற வரைக்கும் கோட்டையிலே கிடக்கும். யாருன்னு சொல்லலைன்னா, ஏழும் கிடக்கும்."

இறால் ஓடுகிற பருவம். ஏழும் போனால் ஊரில் அடுப்பு எரியாது.

குப்பன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான்.

"என்னுதுங்க. அதோ, ஓரமா கீதே, அது."

சம்பந்தம் போய்ப் பலகையைப் படித்தார். "ஃபைட்."

"அப்படீன்னா இன்னாங்க துபாஷி ஐயா?" என்று கேட்டான் பொன்னுரங்கம். குப்பனுக்கு மச்சான் முறை.

"சண்டை."

"பொருத்தமாத்தான் பேரு வெச்சிருக்காரு துரை!" பொன்னுரங்கம் பாய்ந்தான். "இருட்டுல கள்ளு குடிக்கப் போனியாடா? உன் ஒருத்தன் தொண்டை நனையறதுக்கு ஊரு வயித்துல மண்ணா? உன்னைச் சொல்லி இன்னா ஆவறது? உங்க நைனா யாரு? ஒல்லாந்துக்காரன் வாத்தைத் தூக்கிக்கினு ஓடி, முள்ளுல மாட்டிக்கினு நின்னவருதானே!"

சார்ஜண்ட், என்ன சொல்கிறான் என்று கேட்டான். சம்பந்தம் வாத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னார்.

அப்போது மாணிக்கம் என்ற இளவயதுக்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"ஐயா, குப்பண்ணன் மேல ஒரு..."

"டேய், வாயை மூடு!" பொன்னுரங்கம் அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினான். "இந்தத் திருட்டுப் பயலுக்குப் பரிஞ்சுகினு வந்தியா நீ? இன்னொரு பேச்சு பேசினே, பல்லு மணல்ல கிடக்கும்!"

இரண்டு பேர் மாணிக்கத்தைப் பிடித்துக் குடிசைகளுக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள்.

அதன்பின் ஊர் முழுக்க ஆரம்பித்தது. "இவனை ஊரை விட்டே துரத்தணும்," என்றான் தனக்கோடி. ரங்கம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். குப்பனின் மனைவி இருசம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். குப்பன் குனிந்த தலை நிமிரவில்லை.

ஊரே சாட்சி சொல்லும்போது வேறு விசாரணை எதற்கு? சார்ஜண்ட் கையை ஆட்டினான். சிப்பாய்கள் குப்பனின் தோணியைத் தண்ணீரில் தள்ளி, தங்கள் படகின் பின்னால் கட்டினார்கள்.

சம்பந்தம் படகில் ஏறுமுன் நின்றார்.

"தப்பு பண்ணவன் தானா வந்து ஒத்துக்கிட்டான். அவனுக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்ல இங்கே நாதி இல்லை. நீங்கல்லாம் மனுஷங்களா?"



படகு ஏரியில் சிறிதாகி, பேச்சுக் கேட்காத தூரம் போனபின் மாணிக்கத்தை விட்டார்கள். அவன் நேரே பொன்னுரங்கத்திடம் ஓடிவந்தான். கண் கலங்கியிருந்தது.

"போனது என் தோணி மாமா. என் பொண்டாட்டிக்கு வலி கண்டு மருத்துவச்சி கிட்ட இட்டுக்கினு போனேன். காலையிலே குலுக்கினப்போ என் பேரையும் சேர்த்திருக்கணும்."

எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்குக் கிளிஞ்சல் குலுக்கிப் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். சார்ஜண்ட் விசாரிக்க வருவது தெரிந்து, அன்று விடிந்ததும், மாணிக்கத்தை விட்டுவிட்டு மற்ற ஆறு தோணிக்காரர்களுக்கும் குலுக்கியிருந்தார்கள்.

"பச்சைப் புள்ளை கீற வீட்டுத் தோணியை எவன்டா குலுக்கல்ல சேர்ப்பான்? போ, போய்ப் புள்ளையைப் பாரு," என்றான் பொன்னுரங்கம்.

பிறகு வந்து குப்பன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான்.

"தை முடியற வரைக்கும் என் தோணிலே ஏறிக்க மச்சான். பாதிப் பங்கு உன்னுது."

"அது கெடக்கட்டும்," என்றான் குப்பன். "எங்க நைனாவை ஏன்யா இதுல இஸ்தே?"

"கிளிஞ்சல் எனக்கு வந்திருந்தா, நீ மட்டும் எங்க நைனாவை விட்டிருப்பியா?"