பிரிக்காத பெட்டிகள்

"இதுல என்ன இருக்குன்னாவது உனக்குத் தெரியுமாம்மா?"

மகள் தூக்கிக் காட்டிய அட்டைப் பெட்டியை அம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"புனல்னு நினைக்கிறேன்."

"அப்ப இது?"

"அதுவும் புனல்தான்."

மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்பா போனில் புலம்பியதால் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். 'வீட்டுக் கடன் தவணைக்கு எடுத்து வெச்ச காசெல்லாம் கரையுது. நீயே வந்து ஒரு முடிவு கட்டு. இல்லேன்னா உங்கம்மா போனைப் பிடுங்கித் தண்ணித் தொட்டியில போட்டுடுவேன்' என்று சொல்லியிருந்தார். சொன்னவர் வேலைக்குப் போய்விட்டார்.

சோபாவுக்குப் பின்னால் பெட்டி. பீரோ மேல் பெட்டி. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு தம்பி வீட்டை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. அவன் கட்டில் மேலும் பெட்டிதான். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"கடை ஏதாவது வைக்கப்போறியா?"

"மெதுவாப் பிரிச்சுக்கலாம்னு இருந்தேன்."

திருப்பி அனுப்ப வேண்டியது, யாருக்காவது கொடுக்க வேண்டியது என்று வகை பிரித்து அடுக்கவே மதியம் ஆகிவிட்டது. பிறகு மகள் அம்மாவின் போனை எடுத்து, ஆன்லைன் கடையின் ஆர்டர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நேத்து ஒரு பாக்கெட் துணி கிளிப். முந்தா நாளும் அதே கிளிப். சேர்த்து வாங்கியிருந்தா டெலிவரி காசு ஒரு தடவையோட போயிருக்கும்ல?"

"தோணலை."

"முன்னாடியே பணம் கட்டினா தள்ளுபடி வேற இருக்கு. நீ எல்லாத்தையும் வாசல்ல காசு குடுத்தே வாங்கியிருக்கே."

"கையில குடுத்தாதான் எனக்குத் திருப்தி."

மகள் சமையலறையில் கண்டெடுத்த டப்பாவை மடியில் வைத்துக் குலுக்கினாள். "மூட முடியாத அளவுக்கு இதுல சில்லறை. எங்கேருந்து வந்தது?"

"பெரிய நோட்டாக் குடுத்து மிச்சம் வாங்குவேன்."

"இவ்வளவு சில்லறையை வீட்டுல வெச்சுக்கிட்டா? வெயில்ல வர்ற ஆளை நிக்க வெச்சு எண்ண விடறியே, பாவமா இல்ல?"

"வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு, பாப்பா. சின்னதா ஏதாவது. அது மட்டும் இருக்கட்டுமே" என்றாள் அம்மா.

"குடிக்கிறவங்களும் இப்படித்தாம்மா சொல்வாங்க."

சொன்ன பிறகு மகளுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, போனிலிருந்து அந்தக் கடையின் ஆப்பை நீக்கினாள். அது இருந்த இடத்தையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

அம்மா எழுந்த வேகத்தில் அடுக்கிலிருந்து ஒரு பெட்டி உருண்டது. கையாலேயே தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தவளை மகள் தடுத்தாள்.

"நீ உட்காரு. இதையும் வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டு வரேன்."

"இல்ல பாப்பா, நானே..."

அதற்குள் டப்பாவும் கையுமாகப் போய் மகள் கதவைத் திறந்துவிட்டாள்.

படிக்கு ஓரடி தள்ளி, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கை அளவுப் பெட்டியோடு தம்பி நின்றிருந்தான். கழுத்து எலும்பு தெரிய இளைத்திருந்தான்.

"இந்தத் தெரு டெலிவரி இப்ப எனக்குத்தான், அக்கா" என்றான் தரையைப் பார்த்து.

"உள்ள வாடா."

"அப்பா கூப்பிடாம வரமாட்டேன். நாப்பத்தஞ்சு குடுத்தீன்னா கிளம்பிடுவேன்."

அவள் சில்லறை டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அம்மா, சில்லறை இல்ல... இருக்கறதுலயே பெரிய நோட்டா எடுத்துக்கிட்டு மெதுவா வா!"