மாதம் ஒரு ஆயில்

“போன மாசம்தானே ஆயில் மாத்துனீங்க, மறுபடியுமா?” என்றாள் மனைவி.

“சிந்தெடிக் ஆயில் சமாச்சாரம் உனக்குப் புரியாது” என்று கார் சாவியோடு நழுவினார் அவர்.

ஒர்க்‌ஷாப்பில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்த மெக்கானிக்குக்கு எரிச்சல் வந்தது.

“சார், ஆயில் தேன் மாதிரி இருக்கு. பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும். நீங்க ஓட்டினது அறுபது. அதுவும் இங்க வந்து போன தூரம்தான்.”

“அதெல்லாம் தெரியாது. மாத்தியே ஆகணும்.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“என் கல்யாணத்தன்னிக்கு, ‘இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே’ன்னீங்க. நானும் சார்னே கூப்பிட்டுப் பார்த்துட்டேன். போதும்ப்பா, நேரா வீட்டுக்கே வாங்க.”

அவருடைய விறைப்பெல்லாம் இறங்கிவிட்டது.

“உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா...” என்று இழுத்தார்.

“அம்மாகிட்டயும் சொல்லிடுங்க. நேத்து வந்து, நல்லா இருக்கிற வைப்பரை நாலாவது தடவையா மாத்திட்டுப் போனாங்க.”