குரலுக்கு ஒரு பெட்டி

"இதுல அவ குரல் தகரத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது, நானா. வேற காட்டுங்க."

றொபின்சன் கடைக்காரன் பவாஸிடம் தணிந்த குரலில்தான் சொன்னான். ஆனால் பதுளை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருந்த அந்த சவுண்ட் சாமான் கடை அத்தனை சின்னது. வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி டிலக்ஷியின் காதில் அது தெளிவாகவே விழுந்தது.

அவ குரல். எவ?

இரண்டு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது. ஹல்துமுல்லையில் தோட்டத்து ஆபீஸ் வேலை முடிந்து வந்ததும் றொபின்சன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவான். தானாகச் சிரிப்பான். அவள் கிட்டே போனால் போனைக் கவிழ்த்து வைப்பான். இப்போது அந்த எவளோ ஒருத்தியின் குரலை மெருகேற்ற ஒரு டியூப் அம்ப்ளிஃபயர் பெட்டி வேறு.

பவாஸ் இன்னொரு பெட்டியை எடுத்து வைத்தான். மேலே சின்ன பல்புகளைப் போல இரண்டு கண்ணாடி டியூப்கள் நின்றன.

"இது சைனா சாமான். விலை குறைவு, ஆனா நல்லம். டியூப் சூடாகுற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க. என்ன மாதிரிப் பாட்டுக் கேப்பீங்க?"

"பாட்டு இல்ல. ஒருத்தங்க பேசுனது. போன்ல வந்தது, இரைச்சலா இருக்கு. அந்தக் குரல் மெத்துனு கேக்கணும். அவ்வளவுதான்."

"பொம்பளக் குரலா?"

றொபின்சன் வெட்கத்தோடு சிரித்தான். கல்யாணமான புதிதில் டிலக்ஷியைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. அவள் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தங்கச்சி, பிளேன்டீ சொல்லவா?" என்றான் பவாஸ். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"டிலக்ஷி, ரெண்டுல பாக்க எது நல்லாருக்கு?" என்று கேட்டான் றொபின்சன்.

அவள் முதல் பெட்டியையே காட்டினாள். எவளோ ஒருத்திக்கு அது போதும்.

டியூப்கள் செம்மஞ்சளாக ஒளிர்ந்தன. றொபின்சன் ஹெட்போனை மாட்டிப் போனைத் தட்டினான். அவன் முகம் மெல்ல இளகியது. கண்ணோரம் நனைந்தது.

"இதுதான் நானா. மூச்சு விடுறதுகூட கேக்குது. பக்கத்துலயே இருக்குற மாதிரி."

டிலக்ஷி எழுந்தாள். இரண்டே எட்டில் வந்து அவன் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் டிலக்ஷி. நீ தாங்க மாட்ட."

ஹெட்போனுக்குள் ஒரு பெண்குரல்: "என்னங்க, அப்புத்தளை தாண்டிட்டீங்களா? இங்க மழை கொட்டுது. பஸ்ஸ விட்டு எறங்கி நனைஞ்சுக்கிட்டு ஓடி வராதீங்க, நான் குடையோட ரோட்டுக்கு வர்றேன்." கடைசியில் ஒரு சிரிப்பு.

டிலக்ஷியின் விரல்கள் தானாகக் கழுத்துத் தழும்புக்குப் போயின. போன வருஷம் தொண்டை ஒபரேஷனில் பேச்சு ஒரேயடியாய்ப் போவதற்கு முன்னால், அவளே அவனுக்கு அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் அது.