பூட்டுப் பெடல்

முசான்சே ஊரின் சைக்கிள் பயிற்சிக் கொட்டகை வாசலில், கறுத்த எரிமலைக் கற்களின் மேல் காலை வெயில் விழுந்து கிடக்கிறது. நாளைய பந்தயத்துக்கு ஓரிடம்தான் பாக்கி. பல வருடமாக ஓட்டும் முகந்தோரிக்கா, புதிதாக வந்த இரிபாகிசாவுக்கா என்பதைப் பயிற்சியாளர் இன்று சொல்லிவிடுவார். "அக்கா, இதுல எந்த பெடல் எனக்குச் சரியா வரும்?" பெட்டியைக் கிளறியபடி கேட்கிறாள் இரிபாகிசா. ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடலில் அவள் இதுவரை கால் வைத்ததில்லை. முகந்தோரி ஒரு ஜோடியைப் பொறுக்கி மாட்டுகிறாள். ஷூவின் அடியில், பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் கட்டையையும் முடுக்குகிறாள். பழகாத கால் சட்டென்று கழன்று வர, பெடலின் திருகாணியைத் தளர்த்தி வைக்க வேண்டும். முகந்தோரியோ அதைக் கடைசிவரை இறுக்குகிறாள். "இறுக்கமா இருந்தாத்தான்டி மேட்டுல கால் நழுவாது." "நீங்க இல்லேன்னா எனக்கு யாருக்கா இருக்கா!" டக்கென்று கால் பூட்டிக்கொள்கிறது. சிரித்தபடி ஒரு சுற்று சுற்றி வருகிறாள். பயிற்சியாளர் கை காட்ட, பிரேக் பிடித்து, காலைக் கழற்றக் குதிகாலை வெளியே திருப்புகிறாள். வரவில்லை. சைக்கிளோடு அப்படியே கல்லின் மேல் சாய்கிறாள். காறை எலும்பு முறிகிற ஓசை கொட்டகைவரை கேட்கிறது. முதலில் ஓடி வருகிறவள் முகந்தோரிதான். "அசையாதடி கண்ணு," என்று குனிந்து, திருகாணியைத் தளர்த்திக் காலை விடுவிக்கிறாள். பின்னால் வந்த பயிற்சியாளர் பெடலைச் சோதித்துப் பார்க்கிறார். "லூசாத்தானே இருக்கு? காலைத் திருப்பக்கூடத் தெரியலையா உனக்கு?" இரிபாகிசா வலியோடு முகந்தோரியின் கையைப் பற்றிக்கொள்கிறாள். "தப்பு என்னோடதுதான் சார், அக்கா மேல இல்ல. அவங்க நல்லாத்தான் மாட்டிக் கொடுத்தாங்க."