ஆள் பிடிக்கிற ஜியாவுதீன்

பிள்ளை பிடிக்கிறவனைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீக. எங்க எதுத்த கடை ஜியாவுதீன் பாய் ஆள் பிடிக்கிறவரு. அதுவும் பட்டப்பகல்ல, காரைக்குடி கடைத்தெருவுல, நாலு பேரு பாக்க.

நான் விசாலி. கோபிநாத் முதலாளியோட பலகாரக் கம்பெனியில பில் போடுறேன். எங்க தேன்குழலும் மனகோலமும் மலேசியா, அமெரிக்கான்னு பார்சல்ல போகும். இந்த வருசம் என்ன நேரமோ, அங்குட்டு வரி ஏறுது, இங்குட்டு விமானக் கூலி ஏறுதுன்னு பார்சலே படுத்துருச்சு. பங்குனியில நாலு அடுப்புல ரெண்டுதான் எரிஞ்சுச்சு. ஆளுக மட்டும் அதே ஆளுக.

முதலாளி யாரையும் வேலையை விட்டு நிப்பாட்டுற மனுசன் இல்ல. அதுக்காக எத்தனை நாளைக்குச் சும்மா உக்கார வச்சுச் சம்பளம் குடுப்பாரு? ஒருநா நாச்சியாபுரத்துப் பொன்னுத்தாயியைக் கூப்பிட்டுப் பக்குவமாத்தான் சொன்னாரு. நம்மகிட்ட இப்ப வேலை இல்ல, வெயில் காலம், எதுத்தாப்புல மசாலாவும் வத்தலும் போட ஆள் பத்தாம கிடக்காக, ஆடி கழியிற வரைக்கும் அங்குட்டு இருந்துட்டு வந்துரு, உன் இடம் உனக்குத்தான்னாரு.

பொன்னுத்தாயி பொலபொலன்னு அழுதுருச்சு. புருசன் இல்லாம ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளை இந்த அடுப்பை நம்பித்தான் படிக்க வைக்குது.

"இங்க வேணாம்னு தள்ளிவிட்ட பொம்பளைன்னு பேரெடுத்துக்கிட்டு நான் இன்னொருத்தர் வாசப்படி ஏற மாட்டேன் முதலாளி. அதுக்கு வீட்டுலேயே கிடப்பேன்."

சொன்ன மாதிரியே மறுநாள்ல இருந்து வரல. போன் போட்டாலும் எடுக்கல. மூத்த மக காலேஜை நிப்பாட்டப் போறாகளாம்னு கூட வேலை பாக்குற ஈஸ்வரி வந்து சொன்னா. முதலாளி அன்னைக்குச் சாப்பாட்டைத் தொடவே இல்ல.

திங்கக்கிழமை அவரே ஆளனுப்பி, வேலைக்கு வரச் சொன்னாரு. பொன்னுத்தாயி பஸ்ஸை விட்டு இறங்கி எங்க வாசல்ல கால் வைக்கல, பாய்க்கு மூக்கு வேர்த்துருச்சு. ரோட்டைத் தாண்டி ஓடி வந்து வழிமறிச்சு நிக்கிறாரு.

"தங்கச்சி, உன் கைப்பக்குவம் தெரிஞ்சுதான் கேக்குறேன். மிளகா வறுக்க ஆள் இல்லாம தவிச்சுக்கிட்டு இருக்கேன். இங்க வாங்குறதுக்கு மேல தாரேன், என்கிட்ட வந்துரு."

எங்க முதலாளி உள்ள இருந்து பாய்ஞ்சு வந்தாரே, பாக்கணும். கையில எண்ணெய்க் கரண்டி. என் ஆளைக் கூப்பிட நீ யாருய்யான்னு ஆரம்பிச்சு வாய்க்கு வந்தபடி திட்டுறாரு. பாயும் சளைக்கல. பூக்கடை, செருப்புக்கடை, ஆட்டோக்காரங்க எல்லாம் கூடி நின்னு வேடிக்கை பாத்தாக.

நடுவுல பொன்னுத்தாயி. அழுது வீங்கின மூஞ்சியில மெல்ல மெல்லச் சிரிப்பு வருது. ரெண்டு முதலாளிமாரு நடுத்தெருவுல தனக்காக அடிச்சுக்கிடறதை எந்தப் பொம்பளை பாத்திருக்கா? கடைசியில முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, "கோவிச்சுக்கிடாதீக முதலாளி, மனுசன் இம்புட்டுக் கெஞ்சுறாரு. தீபாவளி வேலைக்கு நீங்க கூப்பிட்டா வந்துருவேன்"னு சொல்லிட்டு, கல்யாணப் பொண்ணு கணக்கா ரோட்டைத் தாண்டிப் போச்சு.

முதலாளி கரண்டியை விட்டெறிஞ்சாரு. அப்புறம் உள்ள வந்து, சூடா ஒரு டீ வாங்கிட்டு வரச் சொல்லி ரசிச்சுக் குடிச்சாரு. அதிர்ச்சியில மனுசனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நினைச்சேன்.

பாய் அதோட விட்டாரா? அடுத்து பலகாரம் பிழியிற பெத்தன். அதுக்கடுத்து ஈஸ்வரி. ஒவ்வொரு தடவையும் தெருச்சண்டை. ஒவ்வொருத்தரும் மாலை போடாத குறையா அங்குட்டுப் போனாக.

எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. ஒருத்தரு நொடிச்சுக் கிடக்கிற நேரம் பாத்து ஆளைப் பிரிச்சுக் கொண்டுபோனா அவரு என்ன மனுசன்? வியாபாரிகள் சங்கத்துல சொல்லுவோம்னேன். முதலாளி, விடும்மான்னுட்டாரு. என்னையெல்லாம் லட்ச ரூபா குடுத்தாலும் அந்த ஆளால அசைக்க முடியாதுன்னும் சொன்னேன். அதுக்கு அவரு வேற எங்கேயோ பாத்தாரு.

பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். நேத்து மத்தியானம், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வருவோம்னு நானே ரோட்டைத் தாண்டிட்டேன்.

உள்ள பொன்னுத்தாயி மிளகா நெடியில தும்மிக்கிட்டே நாலஞ்சு பேரை வேலை ஏவிக்கிட்டு இருக்கு. மூத்தவ காலேஜுல பரீச்சை எழுதுறாளாம். வாயெல்லாம் பல்லாச் சொல்லுது. அதைப் பாத்ததும் என் கோவம் கொஞ்சம் இறங்குனது நிசம். ஆனாலும் வந்த காரியத்தை விடலாமா? நேரா பாய் மேசைக்கு முன்னாடி போய் நின்னேன்.

நான் இன்னும் வாயைத் திறக்கல. பாய் என்னையப் பாத்ததும் பதறி எந்திரிச்சாரு. எங்க கடைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாரு.

"ஏம்மா, நீயா வந்துட்டே? உன்னைய வைகாசியிலதானே வந்து பிடிக்கச் சொன்னாரு கோபி மச்சான்? என்னைய எப்படித் திட்டணும்னே நாங்க இன்னும் பேசி முடிக்கலையே."

அப்படியே திரும்பி வந்து பில் போட உக்காந்துட்டேன். முதலாளிகிட்ட இதைப் பத்திக் கேக்கல.

வைகாசி பொறக்கட்டும். நல்ல சேலையா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். சண்டை மட்டும் பொன்னுத்தாயிக்குப் போட்டதைவிட ஒரு பங்கு பெருசா இருக்கணும், ஆமா.